வெள்ளை செல்லு

பள்ளிக்கூடம் திறக்க இருந்த வாரம், ஏழாவது அறிவியலில் என்னவெல்லாம் வரும் என்று என் தங்கச்சி மகள் என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஈரப் பஞ்சில் மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, முளைக்கப் போடுவார்கள். செம்பருத்திப் பூவை பிளேடால் நெடுக்காகக் கீறி, உள்ளே இருக்கும் மஞ்சள் தூளை விரலில் ஒற்றிப் பார்க்கச் சொல்வார்கள். சுவரில் தோலை உரித்த மனிதன் படம் ஒன்று தொங்கும். அவனுக்கு ஈரல் ஒரு நிறம், குடல் ஒரு நிறம். யாராவது ஒரு பையன் பாட்டிலில் வெட்டுக்கிளி பிடித்து வந்து அடி வாங்குவான்.

"தவளைய அறுப்பாங்களாமே பெரிம்மா?"

"அது பெரிய கிளாஸ்ல. இப்ப அதுவும் இல்லன்னு சொல்றாங்க."

"ரத்தம் பத்தி வருமா?"

"வரும்னு நினைக்கிறேன். எனக்கு எங்கடி தெரியும்? நான் படிச்சது பாதி ஏழாவது."

"மீதி பாதியில இன்னா இருக்கும்?"

"இருந்து பாத்திருந்தா சொல்லுவேன்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாதி ஏழாவது என்று நான் சொன்னது உண்மை. எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். அந்த வருடம் மல்லாட்டை பிடுங்கும் நேரத்தில் அப்பாவுக்கு இடுப்பு விழுந்து, எழ முடியாமல் போனது. நான் பையை மாட்டி வைத்துவிட்டுக் காட்டு வேலைக்குப் போனேன். திரும்ப அந்தப் பையை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனி, கேரளாவில் இறால் உரிக்கும் ஷெட், பெங்களூரில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல் சமையலறை, ஓசூரில் வண்டிப் பாகங்கள் செய்யும் கம்பெனி. கல்யாணம் ஒன்று நடந்தது, நிற்கவில்லை. எந்த ஊரிலும் இரண்டு மழைக்காலம் சேர்ந்தாற்போல் இருந்தால் எனக்குப் பொறுக்காது. கிளம்பிவிடுவேன். யாரும் துரத்தியது கிடையாது.

தங்கச்சி அப்படி இல்லை. பத்தாவது முடித்தாள். திருவண்ணாமலையில் ஆட்டோ ஓட்டுகிறவரைக் கட்டிக்கொண்டு, பெரிய கோயிலின் பே கோபுரத்துப் பக்கம் ஒற்றை அறையும் சமையல்கட்டும் உள்ள வீட்டில் ஒரே இடத்தில் இருந்தாள். யாத்ரீகர்கள் தங்கும் விடுதி ஒன்றில் அறை கூட்டித் துடைக்கும் வேலை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டம் வந்தால் அவளுக்கும் வேலை, அவருக்கும் வேலை. பிள்ளை ஒன்றுதான்.

போன கார்த்திகைக்கு அப்புறம் அவளுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. எங்கேயும் இடித்துக்கொள்ளாமலே கையிலும் தொடையிலும் நீலம் கட்டியது. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். ரத்தத்தில் புற்று என்றார்கள். நான் ஓசூரில் கணக்கு முடித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது அவளுக்குத் தலையில் முடி இல்லை. மருந்து கேட்கவில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். கடைசி மாதம் முழுக்க அந்த ஒற்றை அறையில் பாயில் கிடந்தாள். நான் கழுவினேன், துடைத்தேன், கஞ்சி ஊற்றினேன். பிள்ளை வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவே இல்லை. தண்ணீர் கொடு என்றால் சொம்பை நிலைப்படியில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வாள். சித்திரையில் தங்கச்சி போய்ச் சேர்ந்தாள். எடுக்கிறபோதும் பிள்ளை அழவில்லை. வந்திருந்த பெண்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். கல்நெஞ்சம் என்று ஒருத்தி சொன்னது என் காதிலும் விழுந்தது, பிள்ளை காதிலும் விழுந்தது.

காரியம் முடிந்ததும் கிளம்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். பள்ளிக்கூடம் திறக்கட்டும் என்று தள்ளிப் போட்டேன்.

பிள்ளையிடம் ஒரு விசித்திரம் பார்த்தேன். செல்போன் என்றால் பயந்தாள். அவள் அப்பா வீட்டுக்குள் நின்று போனில் பேசினால் தெருவுக்குப் போய்விடுவாள். நான் என் போனைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கினால், எழுந்து பார்க்கும்போது இருக்காது. அரிசி டிரம்மிலிருந்து அலாரம் அடிக்கும்.

"ஏன்டி, அரிசிக்கு எதுக்குடி போனு?"

"தலமாட்டுல வெக்காத பெரிம்மா. அங்கயே இருக்கட்டும்."

தங்கச்சியின் போன் பீரோவில் புடவைகளுக்கு அடியில் அணைந்து கிடந்தது. வெள்ளை நிறம், ஒரு மூலை உடைந்தது. எங்கள் பக்கம் யாரும் செல்போன் என்று முழுசாகச் சொல்ல மாட்டார்கள், செல்லு என்பார்கள். பிள்ளை சின்ன வகுப்பில் இருந்தபோது கொரோனா காலத்தில் பள்ளிக்கூடமே அந்த வெள்ளைச் செல்லில்தான் நடந்தது. அம்மா மடியில் சாய்ந்துகொண்டு, போனை அம்மா வயிற்றின் மேல் நிறுத்தி வைத்துப் பாடம் கேட்பாளாம். போனில் பாடம் நின்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை; பாட்டு, விளையாட்டு எல்லாம் அம்மா வயிற்றின் மேல்தான். தங்கச்சி இதைச் சிரித்துக்கொண்டு எனக்கு ஓசூருக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறாள். இப்போது அந்தப் போனைப் பார்த்தால் அம்மா ஞாபகம் வருகிறது, அதனால்தான் பயப்படுகிறாள் என்று நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் திறந்து புத்தகம் கொடுத்தார்கள். அட்டை போட உட்கார்ந்தேன். அறிவியல் புத்தகம் மட்டும் நடுவில் பலகை மாதிரி விறைப்பாக இருந்தது. பிரித்துப் பார்த்தால் ஒரு பாடம் முழுக்க, பக்கத்தோடு பக்கம் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருந்தது. எதற்கு என்று கேட்டேன். தெரியாது என்றாள். கொடுக்கும்போதே அப்படித்தான் இருந்தது என்றாள். சோறு வைத்து எந்த அச்சகத்தில் ஒட்டுகிறார்கள்? ஆனால் அதற்கு மேல் கேட்கவில்லை.

அப்புறம் வயிற்றுவலி ஆரம்பித்தது. ஒரு நாள் வலிக்கும், மறுநாள் சரியாகிவிடும், அடுத்த நாள் மறுபடி வலிக்கும். பெரியவளாகப் போகிறாள் போலிருக்கிறது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து, அறிவியல் டீச்சர் வரச் சொன்னார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். போனேன். டீச்சருக்கு என் வயது இருக்கும். வராந்தாவில் நின்றுகொண்டே பேசினார்.

"நீங்க பாப்பாவுக்கு?"

"பெரியம்மாங்க."

"எல்லா பாடத்துக்கும் வரா. என் பீரியட் இருக்குற அன்னிக்கு மட்டும் லீவு. நான் அடிச்சேனா, திட்டினேனா, ஒண்ணும் இல்ல. என் மேல என்ன கோவம்னு கேட்டுச் சொல்லுங்க."

சாயங்காலம் அவள் அப்பாவிடம் சொன்னேன். ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போதெல்லாம் அவர் முகத்தில் எதுவும் தெரிவதில்லை.

"வுடுங்க அண்ணி. புடிக்கலன்னா இன்னா பண்றது. ஒரு ரெண்டு வருஷம் வூட்ல இருக்கட்டும். அப்புறம் எதுனா துணிக்கடையில சேத்து வுட்லாம்."

"துணிக்கடையில நின்னுகினே இருக்கணும் தம்பி. உக்கார வுட மாட்டாங்க. தெரியுமா உங்களுக்கு?"

"நீங்க நிக்கலியா?"

"நின்னேன். அதனாலதான் சொல்றேன்."

அவர் துணியைப் பிழிந்தார். பள்ளிக்கூடம் நிற்பது எப்படி என்று எனக்குத் தெரியும். ஒரே நாளில் யாரும் நிற்பதில்லை. ஒரு நாள் வலிக்கும், ஒரு நாள் மழை, ஒரு நாள் துணி காயாது. அப்புறம் ஒரு நாள் வாத்தியார் பெயர் கூப்பிடுவதை விட்டுவிடுவார். நான் கிளம்பிப் போனால் இவளும் அப்படித்தான் நிற்பாள் என்று தெரிந்தது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாவது ஒரு நாள் அந்த வகுப்பில் உட்கார வைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அடுத்த அறிவியல் வகுப்புக்கு நானே கூட்டிப் போனேன். வகுப்பு வாசலில் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். டீச்சர் எங்களைப் பார்த்தார். "நீங்களும் உள்ள வாங்க. கடைசி பெஞ்சுல ரெண்டு பேரும் உக்காருங்க" என்றார்.

"டீச்சர், நியூ அட்மிஷனா?" என்றான் ஒரு பையன். வகுப்பே சிரித்தது.

"ஆமாடா. உன்ன வுட நல்லா படிப்பாங்க. எழுந்து இடம் குடு."

பெஞ்சு என் முழங்காலுக்கு இடித்தது. சுவரில் தோலுரித்த மனிதன் இருந்தான்; நிறங்கள் மங்கிப் போயிருந்தன. சத்துணவுக் கூடத்திலிருந்து வாங்கி வந்த பெரிய வெங்காயம் ஒன்று டீச்சர் மேஜையில் இருந்தது. ஜன்னல் திட்டில், வெளிச்சம் விழுகிற பக்கமாக, மரப்பெட்டியிலிருந்து எடுத்த நுண்ணோக்கி நின்றது. அந்தப் பள்ளிக்கூடத்துக்கே அது ஒன்றுதான்.

டீச்சர் கரும்பலகையில் 'செல்' என்று பெரிதாக எழுதினார். என் பக்கத்தில் இருந்தவள் என் கையை நகம் பதிகிற அளவுக்குப் பிடித்தாள்.

"இதுக்கு இன்னா அர்த்தம்? யாரு சொல்றது?"

"டச்சு செல்லு டீச்சர்!"

"பட்டன் செல்லு டீச்சர், எங்கப்பாவோடது!"

"வேற?"

முன் பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். "கறையான் டீச்சர். பழைய கதவ செல்லு அரிச்சிடுச்சுன்னு எங்கம்மா சொல்லும்."

"அட, நல்லா சொன்ன. வேற?"

"கிளம்பிப் போன்னு அர்த்தம் டீச்சர். 'செல்லுங்கள்'னு தமிழ் புக்குல வருது."

"அப்ப நீ செல்லுடா வெளியே" என்று இன்னொருவன் சொல்ல, மறுபடி சிரிப்பு. டீச்சரும் சிரித்தார். எல்லாம் சரிதான், ஆனால் இன்றைக்குப் பார்க்கப் போகிற செல் வேறு, அது நம் உடம்பில் இருக்கிறது என்று சொன்னார். வீட்டுக்குச் செங்கல் எப்படியோ உடம்புக்குச் செல் அப்படி. தோலில் இருக்கிறது, எலும்பில் இருக்கிறது. ரத்தத்தில் சிவப்புச் செல் இருக்கிறது, வெள்ளைச் செல் இருக்கிறது.

என் பக்கத்தில் பெஞ்சு ஆடியது. பிள்ளை எழுந்து நின்றிருந்தாள்.

"டீச்சர், கையில வெச்சினு பேசுற செல்லாலதான ரத்தத்துல இருக்குற செல்லு ஜாஸ்தி ஆவுது?"

ஒருவன் சிரித்தான். டீச்சர் அவனைப் பார்க்கக்கூட இல்லை. பிள்ளைக்கு அம்மா எதனால் போனாள் என்று டீச்சருக்குத் தெரியும். கையிலிருந்த சாக்பீஸை மேஜையில் வைத்தார்.

"இல்லம்மா. அது வேற, இது வேற. பேரு மட்டும்தான் ஒண்ணு."

"வெள்ளை செல்லா இருந்தா?"

"எந்த நிறத்துல போனு இருந்தாலும் ரத்தத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. ரத்தத்துல இருக்குற வெள்ளை செல்ல கண்ணால பாக்கவே முடியாது. அவ்ளோ சின்னது. எல்லார் ஒடம்புலயும் இருக்கு. எனக்கும் இருக்கு, உனக்கும் இருக்கு. சில பேருக்கு அது கணக்கில்லாம பெருகிடுது."

"எதனால டீச்சர்?"

"எனக்குத் தெரியலம்மா. நிறைய பேருக்கு எதனாலன்னு டாக்டருங்களுக்கே தெரியறதில்ல. ஆனா புள்ளைங்க பக்கத்துல உக்காந்து செல்லு பாக்கறதால வராது. அது மட்டும் எனக்கு நல்லா தெரியும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அரிசி டிரம், சோற்றுப் பருக்கை, வாசற்படி எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து நானும் அப்போதுதான் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் பொய் இல்லை. பாதி ஏழாவதில் எனக்கும் இந்தப் பாடம் வரவில்லை. தங்கச்சிக்கு என்ன வியாதி என்பதற்குப் புற்று என்ற பெயர் மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது.

டீச்சர் வெங்காயத்தை நறுக்கி, அடுக்குக்கு நடுவில் இருக்கும் கண்ணாடி மாதிரித் தோலை உரித்து, சிவப்புச் சாயம் ஒரு சொட்டு விட்டு, கண்ணாடிச் சில்லில் வைத்து நுண்ணோக்கிக்கு அடியில் தள்ளினார். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். இவளும் போய் நின்றாள். "டேய், செங்கல் சுவரு மாதிரியே கீதுடா" என்று முதலில் பார்த்தவன் கத்தினான். இவள் முறை வந்தபோது கண்ணை வைத்தவள் எடுக்கவே இல்லை. "போதும் வுடு, நாங்க பாக்க வேணாமா?" என்று பின்னால் இருந்தவர்கள் முதுகில் தட்டினார்கள். அதற்கப்புறம் அவள் அந்த வகுப்புக்கு ஒரு நாளும் லீவு போடவில்லை. வயிற்றுவலி என்ற பேச்சே இல்லை.

அன்று மதியம் பள்ளிக்கூடம் அரை நாளோடு விட்டார்கள். இரண்டு பேரும் கோயில் மதிலை ஒட்டி நடந்து வந்தோம். வெயில் தரையில் கொதித்தது. அவள் தானாகவே பேச ஆரம்பித்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து முதல் தடவை வந்த அன்று, அவள் அப்பா வாசலில் நின்று பக்கத்து வீட்டாரிடம் சொல்லியிருக்கிறார்: வெள்ளை செல்லு ரொம்ப ஜாஸ்தியாயிடுச்சாம், அதனாலதான் ஒடம்பு இப்படி ஆயிடுச்சாம். அப்போது இவள் உள்ளே அம்மா பக்கத்தில் படுத்து அந்த வெள்ளைச் செல்லில்தான் விளையாடிக்கொண்டிருந்திருக்கிறாள். அம்மா வயிற்றின் மேல் நிறுத்தி வைத்து. "இந்தக் காலத்துல எல்லாம் செல்லாலதான் வருது" என்று பக்கத்து வீட்டுப் பெண்ணும் ஒத்துப் பாடியிருக்கிறாள். இவள் மெதுவாகப் போனை அணைத்து, பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தவள்தான், அப்புறம் தொடவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அப்பா அடித்துக் கொன்றுவிடுவார் என்று நினைத்தாளாம்.

"அப்புறம் புக்கு குடுத்தாங்க இல்ல, அதுல அந்தப் பாடம் இருந்துது பெரிம்மா. ஒடம்பு படம் போட்டு, மேல செல்லுன்னு எழுதி. கிளாஸ்ல அத நடத்துனா எல்லாருக்கும் தெரிஞ்சிடும்னு நெனச்சேன்."

"இன்னா தெரிஞ்சிடும்?"

"நான்தான்னு."

அவள் காரணம் இல்லை என்று டீச்சரே சொல்லிவிட்டார். கொஞ்ச தூரம் நடந்தோம். அவள் முகம் தெளிந்திருக்கும் என்று திரும்பிப் பார்த்தேன். தெளியவில்லை. ஏதோ கணக்குப் போடுவது மாதிரி புருவம் சுருங்கியிருந்தது.

"அப்ப நான் கிட்ட போயிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதா?"

"எப்ப?"

"கடைசியா அம்மா படுத்துனு இருந்துது இல்ல. அப்ப. என் கையில செல்லு இருந்த மாரியே இருக்கும். என் கை பட்டா இன்னும் ஜாஸ்தியாயிடும்னுதான் நான் உள்ள வரல. வந்திருக்கலாமா?"

"வந்திருக்கலாம்" என்றேன்.

"பக்கத்துல படுத்திருக்கலாமா?"

"ம்."

அவள் நின்றுவிட்டாள். நானும் நின்றேன்.

"நான் ஏன் வரலன்னு அம்மா எதுனா கேட்டுச்சா?"

ஊர் ஊராகத் திரிகிறவளுக்குப் பொய் சொல்ல வராமல் இருக்காது. வீட்டுக்காரர்களிடமும் கம்பெனி சூப்பர்வைசர்களிடமும் நான் சொல்லாத பொய் இல்லை. அன்று அந்த வெயிலில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"கேட்டா. பாப்பா ஏன் கிட்ட வர மாட்டேங்குதுன்னு கேட்டா. மொட்டத் தலைய பாத்து அருவருப்பு படுதான்னு கேட்டா."

"நீ இன்னா சொன்ன?"

"பரீட்ச வருது, படிக்குதுன்னு சொன்னேன்."

"நம்புச்சா?"

"தலைய ஆட்டினா. நம்பினாளான்னு தெரியல."

பக்கத்தில் ஒரு கடை மூடியிருந்தது. அதன் படியில் பையைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். முதலில் சத்தம் வரவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. அப்புறம் வந்தது. எடுத்த அன்று வராதது, காரியத்தன்று வராதது எல்லாம் சேர்ந்து வந்தது. கிரிவலம் போகிறவர்கள் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார்கள்.

எதிரில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண் நூலைப் பல்லில் கடித்து அறுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இன்னாமா, பச்சப் புள்ளைய நடுத்தெருவுல போட்டு அடிச்சியா?"

"அடிக்கலமா."

"அடிக்காமலா இப்படி அழுவுது?"

நான் படியில் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தேன். கல் சுட்டது. அவள் 'அம்மா' என்றுதான் அழுதாள். வேறு வார்த்தை இல்லை. அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். சீக்கிரம் முடிகிற அழுகையாக அது இல்லை.